ஏழு ஞாயிறு ஓடாத ஃபில்டர்

ஏழு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் ஸ்பீக்கரில் நான் செய்த ஃபில்டர் ஓடவே இல்லை. ஓடுகிறது என்று நான் நினைத்தேன். ஃபாதர் நினைத்தார். பாடற்குழு நினைத்தது. மைக் செட் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சத்தம் நன்றாக இருந்தால் பாடினவளுக்குப் பாராட்டு. கெட்டால் எல்லாத் தலையும் நம் பக்கம் திரும்பும். ஒன்றுமே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இத்தனை வருடம் கழித்துக் கற்றுக்கொண்டேன்.

நான் சாம்பியன் ரீப்ஸ் ஆள். மைன்ஸ் என்று நாங்கள் சொல்லும் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், ஆட்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் எஞ்சின் ரூமில் எலெக்ட்ரீஷியன். மூடிய பிறகு மைக் செட். கல்யாணம், காரியம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் கட்டியாயிற்று. இப்போது கோயில் சவுண்டு மிக்சரும் அதோடு சேர்ந்த கம்ப்யூட்டரும் மட்டும். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

சவரிமுத்துவின் காது

எல்லாம் இவனால் வந்தது. சவரிமுத்து என் பக்கத்து வீடு. அண்டர்கிரவுண்டில் டிரில்லர். பாறையில் துளை போடும் மெஷினை இருபத்தைந்து வருடம் தோளோடு அணைத்து நின்றவன். தூசு அவன் நெஞ்சை விட்டுவிட்டது. சத்தம் காதை விடவில்லை. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. மழை கேட்கும். லாரி கேட்கும். பேச்சில் இருக்கும் கூரான எழுத்துகள்தான் விழாது. க், ச், ட், த் எல்லாம் உதிர்ந்துபோய் ஆ, ஓ, ஊ மட்டும் மிஞ்சும். எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்த்தால் புரிந்துகொள்வான். கோயிலில் ஃபாதரின் வாய் எங்கே தெரிகிறது? மைக் மறைத்துக்கொள்கிறது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அது பின் பெஞ்சு இருமலையும் தலைக்கு மேல் ஃபேனையும் பெரிதாக்கிக் கொடுத்தது. இப்போது பீரோவில் இருக்கிறது.

மனைவி போய்விட்டாள். அவன் வீட்டை விட்டு வருவது இரண்டுக்குத்தான். சாயங்காலம் என்னோடு கேரம். ஞாயிறு காலை பூசை. இந்த வருடம் பூசையை நிறுத்திக்கொண்டான். பெங்களூரில் டீச்சராக இருக்கும் மகள் ரோஸ்லின், லீவு விட்டதும் வண்டி கொண்டுவந்து அப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்றாள். அப்பார்ட்மென்ட்டில் ஏழாவது மாடி. அங்கே இவனுக்கு ஒரு முகமும் தெரியாது. மறுப்பான் என்று பார்த்தேன். மறுக்கவில்லை. ஏன்டா என்று வாய் நன்றாகத் தெரியும்படி கேட்டேன். ஸ்ட்ரைக்கரை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"இங்க கேக்காத காது அங்கயும் கேக்காது. எங்க கெடந்தா இன்னா?"

ட்ரெபிள்

வண்டி வரும்வரை ஞாயிறு மட்டும் வந்து உட்கார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முனகிக்கொண்டே சரி என்றான்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவதைச் செய்தேன். மிக்சரில் மேல் சத்தத்தை, அதாவது ட்ரெபிளை, ஏற்றினேன். கூரான எழுத்துகள் ஏறும் என்று கணக்கு. எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை, நான்கு பக்கமும் வெறும் சுவர். மைக் ஊளையிட்டது. அதுவும் எப்போது? ஃபாதர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தில். எல்லோரும் முழங்காலில் இருக்கிறார்கள், மணி அடிக்கிறது, என் ஸ்பீக்கர் ரயில் மாதிரி கத்துகிறது. பூசை முடிந்து ஃபாதர் வந்தார். சின்ன வயதுக்காரர். கோபப்படமாட்டார். அதுதான் கஷ்டம்.

"எழுந்தேற்றத்துக்கு மணியே போதும் அண்ணா, விசில் வேணாம்."

காலி டெம்ப்ளேட்

சும்மா இருக்கும்போது ட்ரெபிள் ஏறக்கூடாது. கூரான எழுத்து வரும் நொடியில் மட்டும் ஏறி, உடனே இறங்க வேண்டும். அப்படி ஒரு ஃபில்டர் தேவை. கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் பற்றவைத்து ஃபில்டர் கட்டினவன் நான். இது அப்படி இல்லை. கம்ப்யூட்டரில் ஓடும் சவுண்டு புரோகிராமுக்குள் சொருக வேண்டும். பிளக்-இன் என்கிறார்கள். கையால் தொட முடியாது. சூடாகாது. புகையாது. புகைந்தாலாவது எங்கே தப்பு என்று தெரியும்.

யாரோ ஒரு புண்ணியவான் காலி டெம்ப்ளேட் ஒன்றை இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறான். சத்தம் ஒரு பக்கம் நுழையும். அதே சத்தம் மறுபக்கம் வரும். நடுவில் ஒன்றும் இல்லை. திரையில் ஒரு திருகு இருக்கும், அது எதோடும் இணைக்கப்படாதது. இதை நகல் எடுத்து, பெயர் மாற்றி, நடுவில் நம் சரக்கை எழுதி, திருகை அதோடு இணைத்தால் அது நம்முடைய ஃபில்டர். முதலில் காலியை அப்படியே சொருகிப் பார்த்தேன். சத்தம் போனது, வந்தது. பிறகு நகல் எடுத்தேன். பதினோரு இடத்தில் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. 'சவரி' என்று வைத்தேன். வேறு பெயர் தோன்றவில்லை.

பெயருக்குக் கீழே ஒரு நம்பர் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் என்று பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதியிருந்தது. சரி, கொடுத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். மைன்ஸில் இருந்தவன் எவனும் அதில் கை வைக்கமாட்டான். எங்களுக்கு நம்பர், ஆள் வருகை பதியும் டைம் ஆபீஸ் கொடுப்பது. பெயரைத் தப்பாக எழுதினால் போய்ச் சண்டை போடலாம். நம்பரை மாற்ற நீ யார்?

திருகை இணைப்பதில் ஒரு சந்தேகம். இன்டர்நெட்டில் ஒரு கேள்வி போட்டேன். மூன்று நாள் கழித்து எங்கிருந்தோ ஒருவன் ஒரே வரியில் பதில் எழுதினான்:

"எல்லாம் டெம்ப்ளேட்டிலேயே எழுதியிருக்கிறது, முழுதாகப் படித்தீர்களா?"

சிவப்பு வரிகள்

எழுதியதைப் பிளக்-இன்னாக மாற்றுவதற்கு பில்ட் என்று பெயர். ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப் போயிருந்தது. ஒரு புள்ளிக்கு நாற்பது குற்றச்சாட்டு. அதைத் திருத்தினேன். அறுபது ஆனது. இன்னொன்றைத் திருத்தினேன். இரண்டு ஆனது. அந்த இரண்டோடு நான்கு நாள் போராடினேன்.

சவரிமுத்து கேரம் ஆட வந்து, நான் எழுந்திருக்காததால் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போகும்போது தோளைத் தட்டினான்.

"இத்தினி செவப்பு நம்ம மைன்ஸ் ஆஸ்பத்திரியிலகூட பாத்தது இல்லடா."

விடிகாலை ரயில்

அடுத்த தெருவில் பிரவீன் இருக்கிறான். நாற்பது வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவன். ஞாயிறு முழுக்கத் தூங்குவான். அவனைப் பிடிக்க ஒரே இடம் ரயில். கோயில் கம்ப்யூட்டர் ஒரு லேப்டாப்தான், அதைத் தூக்கிக்கொண்டு சாம்பியன் ஸ்டேஷனில் ஏறினேன். நகர்ந்து இடம் கொடுத்தான். நான் ஆரம்பம் முதல் விளக்கினேன். சவரிமுத்துவின் காது, டெம்ப்ளேட், அந்த இரண்டு சிவப்பு வரி. ஹூம், ஹூம் என்று கேட்டுக்கொண்டான். பங்காருப்பேட்டை வருவதற்குள் ஹூம் குறட்டையாகிவிட்டது.

அந்தப் பெட்டி முழுக்கக் கம்ப்யூட்டர் ஆட்கள். எல்லோரும் தூக்கம். மடியில் லேப்டாப்பை விரித்து வேலை செய்தவன் நான் ஒருவன். ஒயிட்ஃபீல்டில் கூட்டம் எழுந்ததும் பிரவீன் விழித்தான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பாவமாக இருந்திருக்கும்போல.

"அங்கிள், நான் டெஸ்டிங், எழுதறவங்கல்லாம் அடுத்த பெட்டி."

ஜெசிந்தா டீச்சர் கேட்ட தெளிவு

சிவப்பு வரிகள் எப்படிப் போயின என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் பட்டனை அழுத்தினேன், போய்விட்டிருந்தன. 'சவரி'யைப் புரோகிராமில் சொருகினேன். பட்டியலில் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்தேன். திரையில் திருகு வந்தது. டெம்ப்ளேட்டில் இருந்த அதே திருகு. முகப்பை நான் மாற்றவில்லை. அலங்காரத்துக்கு நேரம் இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைண்டிங் ரூம் மோட்டாரில் என் காதும் பாதி போனது. சவரிமுத்து அளவுக்கு இல்லை. ஆனால் மேல் சத்தம் எனக்கும் சரியாக விழாது. அடுத்தவர் வாயைத்தான் நம்ப வேண்டும். பாடற்குழுவை நடத்தும் ஜெசிந்தா டீச்சரை மைக்கில் முதல் வாசகம் படிக்கச் சொன்னேன். படித்துக்கொண்டே கையால் காட்டினார். ஏற்று என்றார், ஏற்றினேன். ஸ்வல்ப ஜாஸ்தி, இன்னும் கொஞ்சம் என்றார், இன்னும் ஏற்றினேன். ஐயோ போதும், காது கிழியுது என்றார், இறக்கினேன். எனக்கே கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. நாம் செய்தது நமக்கு நன்றாகத்தான் கேட்கும்.

அந்தத் திருகு அன்று எதோடும் இணைந்திருக்கவில்லை. இது இப்போது எனக்குத் தெரியும். அன்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"இருவது வருஷமா இந்தக் கோயில்ல படிக்கிறேன் அண்ணா, என் குரலை இன்னிக்குத்தான் கேக்கறேன்."

கைதட்டல்

சவரிமுத்து மட்டும் தலையை ஆட்டினான். இல்லை என்று. முதல் ஞாயிறு இல்லை. வீட்டுக்கு வந்து நடுவில் எழுதியிருந்ததை மாற்றினேன், பில்ட் செய்தேன். இரண்டாவது ஞாயிறு இல்லை. மறுபடியும் மாற்றினேன். மற்றவர்களுக்கு வாரா வாரம் முன்னேற்றம். ஒருத்தருக்குப் போன வாரத்தைவிட இனிமை. இன்னொருத்தருக்கு எதிரொலி குறைவு. ஒரு அம்மாவுக்குத் தலைவலி நின்றது. இவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவன் காதுதான் கை விட்டுப் போய்விட்டது என்று எனக்குள் முடிவு கட்டத் தொடங்கினேன்.

நாலாவது ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில் ஃபாதர் என் பெயரைச் சொன்னார். கேட்கச் சிரமப்படும் நம் பெரியவர்களுக்காக இவர் தானே உழைத்து ஒரு கருவி செய்திருக்கிறார் என்றார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. நான் மிக்சருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். முன் பெஞ்சில் சவரிமுத்துவும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தட்டினான். நன்றாகவே தட்டினான். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"எல்லாரும் தட்டுனாங்க, நானும் தட்டுனேன், எதுக்குடா?"

பாலகாட் கல்யாணம்

பெயர் பரவியது. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பு பாலகாட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மைக் செட்டை விட்டு வருடக்கணக்காகிறது என்றேன். பெண்ணின் மாமா விடவில்லை. கோயிலில் போட்ட அந்த சவரிதான் வேண்டும் என்றார். ஃபில்டர் ஒரு சாமி பெயர் மாதிரி ஆகிவிட்டது. போனேன்.

போய்க் கட்டி முடித்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். ஏறி இறங்கிய கரண்டில் லேப்டாப் அணைந்துபோய் எழுந்திருக்கவில்லை. பேச்சாளர் மைக் முன்னால் வந்து நின்றுவிட்டார். லேப்டாப்பைப் பையில் போட்டு மூடி, மைக்கை நேராக மிக்சரில் சொருகிவிட்டேன். ஃபில்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மாமா இலையிலிருந்து எழுந்து, கை கழுவாமலே என்னிடம் வந்தார். பையின் மேல் என் கால் இருந்தது.

"கோயில்ல கேட்டதைவிட இங்க சவரி சூப்பரா ஓடுதுங்கண்ணா."

கேரம் போர்டு

அன்று முதல் எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகத்தையும் தப்பான இடத்தில் வைத்தேன். நான் எழுதிய கணக்கு தப்பு என்று நினைத்தேன். நடுவில் இருந்ததை முழுக்க அழித்து மூன்றாம் முறை எழுதினேன். உள்ளே போனவன் சரியாக வேலை செய்கிறானா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே போனானா என்று பார்க்கவில்லை. ஆறாவது ஞாயிறும் சவரிமுத்து தலையை ஆட்டினான். இப்போது என்னைப் பார்க்காமல் ஆட்டினான்.

அந்த வாரம் ரோஸ்லின் வந்தாள். அட்டைப் பெட்டிகளில் அப்பாவின் சாமானைக் கட்டினாள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் கேரம் போர்டு. அவன் மனைவி இருந்தபோது அவர்கள் வீட்டில் நாங்கள் ஆடிய பழைய போர்டு. அதில்தான் அவன் ஒருமுறை ரெட் காயை விரலால் தள்ளினான். பத்து வருடமாக ஒப்புக்கொள்ளவில்லை. இனி உங்களிடமே இருக்கட்டும் என்று போர்டைச் சுவரில் சாய்த்து வைத்தாள். உட்காரம்மா என்றேன். உட்காரவில்லை. அப்பா இப்போது ஞாயிறு பூசையிலிருந்து வந்தால் சாப்பிடுவதில்லையாம். இந்த வாரமும் இல்லை, இந்த வாரமும் இல்லை என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாராம். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, அதற்கு மறுநாள் வண்டி வரும் என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அங்கிள், கேக்கலைன்றது அவருக்குப் பழகிப்போச்சு, கேக்கும்னு நீங்க சொல்றதுதான் தாங்க முடியல."

ஒரே நம்பர்

ஏழாவது ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அவனும் தலையை ஆட்டிவிட்டான். போதும் என்று முடிவு செய்தேன். ஃபில்டரைப் பிடுங்கிப் போட, சொருகியவற்றின் பட்டியலைத் திறந்தேன். சவரிமுத்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். காது கேட்காதவன் எதையும் விடாமல் பார்ப்பான். நான் தமிழில் வைத்த பெயர் என்பதால் அந்தப் பட்டியலில் அவனுக்குப் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

"இது இன்னா, என் பேரு கீது?"

"ஆமா." என் வாய் தெரியும்படி அவன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனுக்குச் சொல்லவே இல்ல."

"சொன்னா கேக்கவா போற."

அவன் விரலைத் திரையில் வைத்தான். பெயரிலிருந்து வலப்பக்கம் நகர்த்தினான். "பேருக்கு எதிர்ல இது டோக்கன் நம்பரா?"

"அந்த மாதிரிதான்."

விரல் ஒரு வரி மேலே ஏறியது. "இவன் யாரு?"

"அவன் காலி. டெம்ப்ளேட். மொத மொதல்ல சோதனைக்குப் போட்டது. ஒண்ணும் செய்யமாட்டான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் கீதே."

அது வந்த நம்பர், நாம் மாற்றக் கூடாது என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. எங்கள் சுரங்க ஷாஃப்டில் ஷிப்டுக்கு இறங்குகிறவன் டைம் ஆபீஸில் பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். டோக்கன் போர்டில் திரும்ப மாட்டப்படவில்லை என்றால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். வெடிவிபத்தோ பாறைச் சரிவோ நடந்த நாளில் பெண்கள் முகத்தைத் தேடமாட்டார்கள், அந்த போர்டைத்தான் தேடுவார்கள். ஒரு நம்பருக்கு ஒரு ஆள். நம்பரை நாமே மாற்றக் கூடாது என்ற பாதியை நான் நினைவில் வைத்திருந்தேன். மற்ற பாதியை விட்டுவிட்டேன். புது ஆள் வந்தால் அவனுக்குப் புது நம்பர். இந்தப் புது ஆளுக்கு டைம் ஆபீஸே நான்தான். அதைத்தான் அவன் தன் வழியில் சொன்னான்:

"மொத வந்தவனை உள்ள இறக்கிட்டாங்கடா, என் பேர்ல கீறவன் ஏழு வாரமா கேட்லயே நிக்கிறான்."

ரெட் காய்

பார்த்தேன். அப்படியேதான். பட்டியலில் இரண்டு பெயரையும் காட்டும் அந்தப் புரோகிராம், திறக்கும்போது நம்பரை வைத்துத் திறக்கிறது. ஒரே நம்பர் என்றால் முதலில் வந்தவனைத் திறக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் சவரியைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் காலி டெம்ப்ளேட் எழுந்து வந்து நின்றது. மேலே சவரி என்று பெயர்ப்பலகை. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு எச்சரிக்கை கிடையாது. ஒரு சிவப்பு வரி கிடையாது. விட்டுப்போன புள்ளிக்கு நாற்பது வரி திட்டத் தெரிந்த சாமானுக்கு இதற்கு ஒரு வரி இல்லை.

எந்த நம்பர் போடுவது என்று கேட்டேன். தன் பழைய டோக்கன் நம்பரைச் சொன்னான். போட்டேன். பில்ட். புரோகிராமை மூடித் திறந்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவனைக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொன்னேன், வாசலைப் பார்த்து உட்காரச் சொன்னேன். என் வாய் தெரியக் கூடாது. பீடத்துக்குப் பக்கத்து மைக்கில் நின்றேன். என்ன பேசுவது? பைபிளைப் படிக்க எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கும் அவன் தலையை ஆட்டினால் என்ன செய்வேன். சாதாரணக் குரலில், மெதுவாக, பத்து வருடம் முன்னால் அந்த ரெட் காயை நீதான் விரலால் தள்ளினாய் என்றேன். முதுகு அசையவில்லை. முடிந்தது என்று மைக்கை அணைக்கப் போனேன். திரும்பாமலே பதில் சொன்னான்:

"தள்ளலடா, காத்துல போச்சு."

எட்டாவது ஞாயிறு

உங்களில் யாராவது இந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருந்தால் இந்தத் தொழிலுக்குப் புதிது. எட்டாவது ஞாயிறு ஃபில்டர் முதல்முறையாகப் பூசையில் ஓடியது. அன்றைக்குத்தான் புகார் வந்தது. ஃபாதருக்குத் தன் குரல் யாரோ பக்கத்தில் நின்று திட்டுவது மாதிரி இருந்ததாம். தலைவலி நின்ற அம்மாவுக்குத் தலைவலி திரும்பியது. ஜெசிந்தா டீச்சர் பாட்டுக்கு நடுவிலேயே பாடற்குழு மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஸ் ஸ் என்று பல் கூசுகிறது, போன வாரம்வரை எவ்வளவு நன்றாக இருந்தது, எதற்கு அதில் கை வைத்தீர்கள் என்றார். போன வாரம்வரை ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர் கண்ணீர் விட்டது எனக்கு நினைவிருந்தது.

முன் பெஞ்சில் சவரிமுத்து அன்று பிரசங்கம் முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தான். வாயைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக் கேட்டான். சரி டீச்சர், பழையபடி வைத்துவிடுகிறேன் என்றேன். திரையில் திருகின் மேல் கையை வைத்தேன். நகர்த்தவில்லை. எடுத்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விஷயம்தான். அங்கே உட்கார்ந்திருப்பவரும் அதே ஃபாதர். சொல்லப்போவதில்லை. டீச்சர் மேலே போனார். அடுத்த அடியைப் பாடினார். பாடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். முடிந்ததும் மறக்காமல் வந்து சொன்னார்:

"இதான் அண்ணா, இப்படியே விட்டுடுங்க."

போன்

அன்று சாயங்காலம் அவன் வந்தான். இப்போது அந்தப் பழைய போர்டும் என் வீட்டில்தானே இருக்கிறது. பிரசங்கம் எப்படி இருந்தது என்று கேட்டேன். இத்தனை வருடமாக இதைத்தானா இழந்தேன் என்றான். அரை மணி நேரத்தில் ஃபாதர் ஒரே விஷயத்தை நான்கு முறை சொன்னாராம். கேட்காமல் இருந்தபோது பெரியதாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்தானாம். பிறகு, அடுத்த வாரம் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்றான். நான் காயை அடுக்கினேன். அவன் வீட்டில் பெட்டிகள் கட்டியபடியே இருந்தன. மறுநாள் வண்டி.

இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியும். அவன் காது வருடா வருடம் இன்னும் இறங்கும். என்னுடையதும்தான். கோயிலுக்குப் புது மிக்சர் வரும், வேறு எவனாவது உட்காருவான், முதல் வேலையாக இது என்ன குப்பை என்று சவரியைப் பிடுங்கிப்போடுவான். அதுவரைக்கும்தான். ரோஸ்லினின் போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்தான். போனில் என் ஃபில்டர் இல்லை. அவள் பேசியது அவனுக்குப் பழையபடி ஆ, ஓ, ஊதான். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் சரியாக வைத்தான். பிறகு சொன்னான்:

"நீ சொல்றது ஒண்ணும் கேக்கலம்மா, வண்டி வேணான்னு நான் சொல்றது உனுக்குக் கேக்குதா?"

ஆக, காது நன்றாக இருந்த கோயிலே ஏழு ஞாயிறு கேட்டு மெச்சிய காலி டெம்ப்ளேட்டைக் கண்ணால் பிடித்து வெளியே தள்ளியவன், டிரில்லர் சவரிமுத்து, டோக்கன் நம்பர் 3174.